வண்டி வழியில் நின்றால், மோதினால்: அறிகுறியைப் பார்த்துச் செய்ய வேண்டியவை (ஹைபிரிட் கார்களுக்கும் சேர்த்து)

நடுவழியில் கார் மக்கர் செய்தால் நம் கை தானாகப் பானெட்டைத் திறக்கப் போகிறது. அந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். நின்றுபோன வண்டியைவிட, அதன் பக்கத்தில் குனிந்து நிற்கிறவரைக் கவனிக்காமல் பின்னால் வருகிற இன்னொரு வண்டிதான் பெரிய ஆபத்து. அதனால் கீழே எந்த அறிகுறிக்கு என்ன செய்யச் சொன்னாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் இடம், அடுத்து ஆள், கடைசியில் வண்டி.

எந்தக் கோளாறாக இருந்தாலும்: நிறுத்தும் இடம்

வண்டியில் கொஞ்சமாவது வேகம் மிச்சம் இருக்கும்போதே ஓரம் கட்டிவிடுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம் பார்ப்போம்" என்று போனால், கடைசியில் அது வளைவிலோ பாலத்தின் நடுவிலோதான் நிற்கும். சமதளமான, நேரான, தூரத்திலிருந்தே கண்ணில் படும் இடம் நல்லது. நாலு இண்டிகேட்டரையும் ஒருசேர எரியவிடும் பொத்தானை அழுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். இரவென்றால் பார்க் விளக்கும் எரியட்டும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கும். 100 மீட்டர் தள்ளி உங்கள் வண்டியைப் பார்க்கிற ஓட்டுநருக்கு நாலு நொடிகூட இல்லை. அதில் ஒரு நொடிக்கு மேல் 'இது நிற்கிறதா, ஓடுகிறதா' என்று புரிந்துகொள்வதிலேயே போய்விடும். எச்சரிக்கை முக்கோணத்தைத் தூரத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். சாதாரணச் சாலையில் 50 மீட்டராவது பின்னால், வேகச் சாலையில் 100 மீட்டருக்கு மேல். வளைவு தாண்டி நின்றிருந்தால் வளைவுக்கு முன்பாகவே வைக்க வேண்டும். கொண்டுபோகும்போது எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக நடங்கள். முக்கோணத்தை உடம்புக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டிகள் சீறிப் பாயும் விரைவுச் சாலையில் நடப்பதே ஆபத்து என்று தோன்றினால் முக்கோணத்தை விட்டுவிடுங்கள், தப்பில்லை.

அடுத்தது ஆள். எல்லோரும் போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக இறங்க வேண்டும். தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். பின்னாலிருந்து யாராவது இடித்தால் உங்கள் கார் முன்னோக்கித்தான் பாயும். தடுப்புக்கு அப்பால், வண்டியின் வால் பக்கமாகச் சற்றுத் தள்ளி நிற்பதே சரி. நடு வரிசையில் நின்றுவிட்டது, கதவைத் திறக்கவே முடியாத அளவுக்கு வண்டிகள் பாய்கின்றன என்றால் மட்டும் உள்ளேயே இருங்கள். சீட் பெல்ட்டைக் கழற்றாமல், நாலு இண்டிகேட்டரும் எரிய, அவசர எண்ணுக்குப் பேசுங்கள். பல நாடுகளில் 112 வேலை செய்யும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துவிட்டது

ஸ்டீயரிங் திடீரென்று கனக்கலாம், ஆனால் பூட்டிக்கொள்ளாது. பலம் கொடுத்தால் திரும்பும். பிரேக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரேக் மிதிக்கு உதவும் வெற்றிடப் பெட்டியில் இன்ஜின் நின்ற பிறகும் ஒன்றிரண்டு மிதிக்குத் தேவையான உதவி மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதித்தால் அது தீர்ந்து, மிதி கல்லாகிவிடும். ஆகவே ஒரே சீரான அழுத்தமாகக் கொடுத்து ஓரம் வந்து சேருங்கள். வண்டி உருளும்போது சாவியைக் கடைசிவரை திருப்பி எடுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால்தான் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

நியூட்ரலுக்குத் தள்ளி ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். கிளம்பினால் அந்த நிமிடத்தை ஓரம் கட்டுவதற்குப் பயன்படுத்துங்கள், பயணத்தைத் தொடர்வதற்கு அல்ல.

ஹைபிரிட் காரில், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் காரில், பெட்ரோல் தீர்ந்தாலும் சில மாடல்கள் பேட்டரியால் மெதுவாகச் சற்றுத் தூரம் நகரும். அதையும் ஓரம் கட்ட மட்டுமே நம்புங்கள். முழுக்க வற்றும்வரை ஓட்டினால், மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி பாதிக்கப்படும். அதற்கப்புறம் பெட்ரோல் ஊற்றினாலும் வண்டி எழுந்திருக்காமல் போகலாம்.

பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போகிறது

இங்கே மேலே சொன்னதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும்: விட்டு விட்டு வேகமாக மிதிக்க வேண்டும். மெத்தென்று போகிறது என்றால் பிரேக் ஆயிலில் கசிவோ, காற்றோ, கொதிப்போ இருக்கிறது. அடுத்தடுத்து மிதிக்கும்போது கொஞ்சம் அழுத்தம் திரும்பக் கிடைக்கலாம். கல்லாகிவிட்டால் சீராக அழுத்து; மெத்தென்றால் விட்டு விட்டு மிதி. இந்த ஒன்றை வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள்; இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழன்றுவிடும். பொத்தான் வகை மின்சார ஹேண்ட் பிரேக் என்றால் பெரும்பாலான கார்களில் அதைத் தொடர்ந்து அழுத்தியோ இழுத்தோ பிடித்தால் கட்டுப்பாட்டோடு நிறுத்தும். ஹாரனை விடாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் ஏற்றமான மண் தரையோ, பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும் தடுப்புச் சுவரோ, நேருக்கு நேர் மோதுவதைவிட மேல்.

மலை இறக்கத்தில் இது வரக் காரணம் பெரும்பாலும் கோளாறு அல்ல, பழக்கம்தான். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் வட்டு பழுக்கக் காயும், ஆயில் கொதிக்கும், ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயிலை அழுத்தினால் சுருங்காது, அது சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும். குமிழோ அழுத்தினால் சுருங்கிப் போகும், மிதி உள்ளே இறங்கும். கருகிய வாடை வந்ததுமே நிறுத்தி அரைமணி ஆறவிடுங்கள். சூட்டில் சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய பழக்கம், இன்றைக்கும் நல்ல பழக்கம். ஹைபிரிட்டில் கியர் குச்சியில் 'B' என்று ஒரு நிலை இருந்தால் அது நீண்ட இறக்கத்துக்கு இன்ஜினைக் கொண்டு வேகத்தைப் பிடிப்பதற்கானது. பேட்டரி நிரம்பிவிட்டால் மோட்டாரால் மட்டும் வேகத்தைக் குறைக்க முடியாது என்பதால்தான் அப்படி ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது, வண்டி தானாக ஓடுகிறது

பிரேக்கை இரண்டு காலாலும் அழுத்துங்கள், விட்டு விட்டு அல்ல. நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் அலறும், அலறட்டும். ஹைபிரிட்டிலும் சில ஆட்டோமேட்டிக்கிலும் குச்சியை 'என்' நிலையில் சில நொடி பிடித்திருக்க வேண்டும். பொத்தான் ஸ்டார்ட் என்றால் அதைச் சில நொடி விடாமல் அழுத்தினால் அணையும். நின்றபின் கால் மிதியடியைப் பாருங்கள். நழுவி முன்னே போன மிதியடியும், ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட மிதியடிகளும் இதற்கு அடிக்கடி காரணமாகின்றன.

டயர் வெடித்தது அல்லது காற்று இறங்கிவிட்டது

முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் அந்தப் பக்கமாக இழுக்கும். பின் டயர் என்றால் வால் ஆடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராக வைத்திருங்கள், ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். வேகம் தானாக இறங்கியதும் மெல்ல ஓரம் வாருங்கள். இடம் ஆபத்தானதாக இருந்தால் அந்த டயரோடேயே ஊர்ந்து சற்றுத் தூரம் போங்கள். டயரும் ரிம்மும் வீணாகும், போகட்டும்.

ஸ்டெப்னி மாற்றுவது பலருக்குத் தெரியும். எப்போது மாற்றக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஒரு முறை இரவில், போக்குவரத்துப் பக்கத்துச் சக்கரத்தின் முன் முட்டி போட்டு நட்டு கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு லாரி ஒட்டிக் கடந்தது. அது கிளப்பிய காற்றில் ஜாக்கியின் மேல் நின்ற கார் ஒரு முறை அசைந்து, ஜாக்கியின் அடித்தகடு மண்ணில் ஒரு விரல் அளவு சரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு அந்தப் பக்கத்துச் சக்கரத்தைச் சாலையோரத்தில் நான் மாற்றுவதே இல்லை. வண்டியை உள்ளே தள்ளி நிறுத்த இடம் இருந்தால் மாற்றுவேன், இல்லையென்றால் உதவிக்குக் கூப்பிட்டுக் காத்திருப்பேன்.

மாற்றுவதென்றால்: கெட்டியான சமதரை, ஹேண்ட் பிரேக், கியரில் அல்லது 'P' (பார்க்) நிலையில் வண்டி, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முட்டுக்கல். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கியபின் பலம் கொடுத்தால் ஜாக்கி சரியும். ஜாக்கியைக் கதவுக்கு அடியில் உள்ள விளிம்பில் குறி போட்ட இடத்தில் மட்டும் வையுங்கள். ஹைபிரிட்டில் இது இன்னும் முக்கியம்; தரைத்தகட்டுக்கு அடியில் உயர் மின்னழுத்தக் கம்பியோ, சில மாடல்களில் பேட்டரியோ இருக்கும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கவையுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் விழும். நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக முடுக்குங்கள், வண்டி தரைக்கு வந்ததும் மறுபடி ஒரு முறை முடுக்குங்கள். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருந்தால் அது தற்காலிகம். மேலேயே வேக வரம்பு அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 80 கிலோமீட்டர்.

வெப்ப முள் ஏறுகிறது, பானெட்டில் ஆவி வருகிறது

முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணையுங்கள். உடனே நிறுத்த இடமில்லையென்றால் ஹீட்டரை முழுச் சூட்டில், முழு விசிறியில் வையுங்கள். உள்ளே வேகும், ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுத்துவிடும். அந்த ஓரிரு நிமிடத்தில் ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சுற்று முழுவதும் அழுத்தத்தில் இருப்பதால் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நீராகவே இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே பீச்சாகக் கொதித்து முகத்துக்கு வரும். துணியைப் போட்டுத் திறந்தாலும் கை வேகும். புதிய கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. பக்கத்தில் உள்ள வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியில்தான் அந்த மூடி இருக்கும். அதற்கும் இதே விதி. குறைந்தது அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள். மேல் ரப்பர் குழாயைத் துணி வைத்து அமுக்கிப் பார்த்தால் தெரியும்: விறைத்து இருந்தால் அழுத்தம் இன்னும் இருக்கிறது, தொளதொளவென்று அமுங்கினால்தான் திறக்கலாம்.

கூலண்ட் இல்லையென்றால் குடிதண்ணீர் ஊற்றி அருகில் உள்ள மெக்கானிக்கிடம் போகலாம். ஆறிய இன்ஜினில், கொஞ்சம் கொஞ்சமாக. காய்ந்த இன்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடும். ஹைபிரிட்டில் இரண்டு தொட்டிகள் இருப்பது வழக்கம், ஒன்று இன்ஜினுக்கு, மற்றது மின்சாரப் பகுதிக்கு. எது எது என்று கையேட்டில் பார்த்த பிறகே ஊற்றுங்கள். காரை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலக்கூடும், கை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எண்ணெய்க் குவளை வடிவ விளக்கு சிவப்பாக எரிகிறது

உடனே அணையுங்கள், அடுத்த பெட்ரோல் பங்க் வரைகூடப் போகக் கூடாது. அது எண்ணெய் குறைந்ததைச் சொல்லும் விளக்கு அல்ல, எண்ணெய் அழுத்தமே போய்விட்டதைச் சொல்லும் விளக்கு. இன்ஜின் ஒரு சில நிமிடத்தில் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். பொதுவாகவே டாஷ்போர்டில் சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் பார்த்துப் போய்ச் சரிசெய்.

புகை, எரியும் வாடை

ஆவி காற்றில் சட்டென்று கரையும், இனிப்பு வாடை வந்தால் கூலண்ட். புகை கரையாமல் மிதக்கும். எரிந்த பிளாஸ்டிக் வாடை என்றால் கம்பி எரிகிறது. பச்சைப் பெட்ரோல் வாடை என்றால் எதையும் ஆராய வேண்டாம், அணைத்துவிட்டு இறங்கி ஓடுங்கள்.

பானெட் ஓரத்தில் புகை தடித்து வந்தால், பெயின்ட் கொப்பளித்தால், உள்ளே தீ இருக்கிறது. திறக்காதீர்கள். அதற்குள் அடைபட்டு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் தீக்கு நீங்களே காற்று கொடுக்கிறீர்கள். திறந்ததும் அது உங்கள் மேல் பாயும். எல்லோரையும் இறக்கி 30 மீட்டருக்கு மேல் தள்ளிப் போங்கள், தீயணைப்புக்குச் சொல்லுங்கள். பைகளுக்காகவும் காகிதத்துக்காகவும் யாரும் திரும்பிப் போகக் கூடாது.

செல்ஃப் எடுக்கவில்லை

காதைக் கொடுங்கள். 'டிக், டிக்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பேட்டரி சார்ஜ் இல்லை அல்லது முனையில் உப்பு பூத்திருக்கிறது. ஒன்றுமே கேட்கவில்லையென்றால் கியர் 'P'யில் இருக்கிறதா, பிரேக்கை அழுத்தினீர்களா என்று பாருங்கள். பொத்தான் ஸ்டார்ட் காரில் சாவியின் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் சாவியையே பொத்தானின் மேல் ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள், பல கார்களில் எடுக்கும். இன்ஜின் சுற்றுகிறது ஆனால் பற்றவில்லை என்றால் பெட்ரோலோ தீப்பொறியோ போகவில்லை. அதற்குப் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஜம்பர் கேபிள் மாட்டும் வரிசை: சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் கூட்டல் முனையில், மறுமுனை நல்ல பேட்டரியின் கூட்டல் முனையில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில். கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அந்தக் கார் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்துகொண்டிருந்தால் அந்தப் பொறியில் வெடிக்கும். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை.

ஹைபிரிட்காரர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். பெரிய பேட்டரி முழுதாக இருந்தாலும் 12 வோல்ட் சின்னப் பேட்டரி செத்தால் கார் எழாது. காரின் கணினியை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சான ரிலேயை மூடுவதும் அந்தச் சின்னப் பேட்டரிதான். அது டிக்கியிலோ பின்சீட்டுக்கு அடியிலோ இருக்கலாம். பல மாடல்களில் பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டிக்குள்ளே சிவப்பு மூடி போட்ட ஒரு முனையைத் தனியே கொடுத்திருப்பார்கள், ஜம்பரை அங்கே மாட்ட வேண்டும். சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் சாதாரணக் காரில் ஃபியூஸ் போகலாம், ஹைபிரிட்டில் அதைவிடப் பெரிய மின்னணுப் பாகம் போகலாம். தள்ளி ஸ்டார்ட் செய்வது ஹைபிரிட்டில் நடக்காது. கார் ஓடத் தயார் என்று டாஷ்போர்டில் காட்டும் 'ரெடி' விளக்கு வந்துவிட்டால் அப்படியே நிறுத்தி அரைமணி விடுங்கள். பெரிய பேட்டரியிலிருந்தே சின்னது நிரம்பும். உங்கள் ஹைபிரிட்டால் இன்னொருவர் காரை எழுப்ப நினைத்தால் முதலில் கையேட்டைப் பாருங்கள், சில நிறுவனங்கள் கூடாது என்கின்றன.

ஹைபிரிட் எச்சரிக்கை எரிகிறது, இழுத்துப்போக வேண்டும்

சில மாடல்களில் பெரிய பேட்டரியைக் குளிரவைக்கும் காற்றுத் துளை பின்சீட்டின் ஓரத்தில் இருக்கும். அதன் மேல் பையோ போர்வையோ கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் பயிற்சி பெற்றவர் வேலை. ஆரஞ்சு நிறத்தில் தடித்து ஓடும் கம்பி எதையும் தொடக் கூடாது. நூற்றுக்கணக்கான வோல்ட் அதில் ஓடுகிறது. ஆரஞ்சு நிறத்தை உலகம் முழுக்க இதற்கென்றே பயன்படுத்துகிறார்கள். காரை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் சில நிமிடங்கள் மின்சாரம் தங்கும்.

சத்தமில்லை என்பதால் அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 'ரெடி' விளக்கு எரிந்தால் வண்டி உயிரோடுதான் இருக்கிறது. நீங்கள் பானெட்டுக்குள் குனிந்திருக்கும்போதே இன்ஜின் தானாகச் சுழலத் தொடங்கலாம்.

இழுத்துப்போக வருபவரிடம் முதல் வார்த்தையாகவே "இது ஹைபிரிட்" என்று சொல்லிவிடுங்கள். மோட்டாரோடு பிணைந்த சக்கரம் தரையில் உருண்டால் அந்த மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் உண்டாக்கும், சூடாகும், எரியவும் கூடும். நாலு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டி வரட்டும். கயிறு கட்டி இழுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தண்ணீரில் நின்றுவிட்டது

மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறியிருந்தால், காற்றைப்போல் அது சுருங்காது. உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓடும் வெள்ளம் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்னக் கார் மிதக்கத் தொடங்கலாம், 60 என்றால் பெரிய வண்டியையும் இழுக்கும்.

கார் மூழ்குகிறது என்றால் முதல் ஒரு நிமிடம்தான் கையில் இருக்கிறது. அந்த நிமிடத்தை போன் பேசுவதில் விடாதீர்கள். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் கார்களை நீரில் இறக்கிப் பார்த்துச் சொன்ன வரிசை இது: சீட் பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியைத் திற, குழந்தைகளை முதலில் அனுப்பு, நீ வெளியேறு. கதவோடு போராடாதீர்கள், வெளியே இருக்கும் நீர் அதை அழுத்திப் பிடித்திருக்கும். கண்ணாடி இறங்காவிட்டால் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, உடைத்து வெளியேற முடியாது. கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் ஒன்றை ஓட்டுநர் கை எட்டும் இடத்தில் வையுங்கள். டிக்கியில் இருந்தால் பயனில்லை.

ஹைபிரிட்டின் உயர் மின்னழுத்தச் சுற்று காரின் உடலோடு இணைக்கப்படாமல் தனியாக இருப்பதால், தண்ணீரில் இறங்கினாலே மின்சாரம் பாயும் என்ற பயத்தில் உள்ளே உட்கார்ந்துவிட வேண்டாம். ஆபத்து அப்புறம்தான் வருகிறது, அதுவும் உப்புநீர் என்றால். 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்தில் கடல்நீரில் மூழ்கிய ஃபிஸ்கர் கார்மா பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் 16 எரிந்துபோயின. வெள்ளத்தில் கிடந்த ஹைபிரிட்டை வீட்டு வாசலுக்குக் கொண்டுவராதீர்கள்.

மோதிவிட்டது

காருக்குள் வெள்ளையாகப் புகை மாதிரி பரவினால் பதற வேண்டாம், அது ஏர்பேக்கின் தூள். அணையுங்கள், நாலு இண்டிகேட்டர், ஹேண்ட் பிரேக். உங்கள் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் பக்கத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வண்டி நகர்ந்தால், காயம் ஏதும் இல்லையென்றால், ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். நடுச்சாலையில் நின்று யார் தப்பு என்று பேசுவதுதான் அடுத்த மோதலுக்கு அழைப்பு. படம் எடுப்பதும் எண் குறிப்பதும் ஓரம் வந்த பிறகு.

அவசர எண்ணுக்குப் பேசும்போது இடம், எத்தனை பேர், யார் சுயநினைவில் இல்லை, தீயோ கசிவோ உண்டா, எந்த வகைக் கார் என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

அடிபட்டவரை இழுத்து வெளியே போடுவதுதான் நம்மவர்கள் நல்ல மனசோடு செய்யும் பெரிய தவறு. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பில் முடமாகிவிடுவார். தீ, மூழ்கும் நிலை, பின்னால் வண்டி மோதும் அபாயம், மூச்சே இல்லாமை ஆகிய காரணங்களுக்கு மட்டும் நகர்த்துங்கள். மற்றபடி பின்சீட்டிலிருந்து அவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் தாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள், பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. தண்ணீர் கொடுக்காதீர்கள், புரையேறலாம். பைக்காரரின் ஹெல்மெட்டை, மூச்சுக்குத் தடையாக இருந்தாலன்றி, கழற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால் கெட்டியான தரையில் படுக்கவைத்து நடு மார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள், உதவி வரும்வரை. வெடிக்காத ஏர்பேக்கின் முன் தலையை நீட்டாதீர்கள், தாமதமாகவும் விரியலாம்.

மின்கம்பி அறுந்து காரின் மேல் கிடந்தால் உள்ளேயே இருங்கள், யாரையும் கிட்டே வர விடாதீர்கள். தீப்பிடித்தால் மட்டும் இறங்கலாம். காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதித்து, பாதங்களைத் தூக்காமல் ஒட்டியபடியே தேய்த்துத் தேய்த்து 10 மீட்டருக்கு மேல் போங்கள்.

மோதிய வண்டி ஹைபிரிட்

ஏர்பேக் விரியும் அளவு மோதலில் பெரிய பேட்டரியின் ரிலே தானாகத் திறந்து மின்சாரத்தை வெட்டிவிடும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனாலும் நசுங்கிய இடத்தில் ஆரஞ்சுக் கம்பியோ உடைந்த பேட்டரிப் பெட்டியோ தெரிந்தால் கை வைக்காதீர்கள், மீட்க வருபவர்களிடம் காட்டுங்கள். காரின் சாவியைத் தூரமாக எடுத்துப் போய்விட வேண்டும்; சாவி அருகில் இருந்தால் பொத்தானில் கை பட்டாலே மறுபடி எழக்கூடும்.

பேட்டரிப் பக்கமிருந்து சீறலோ, பட்பட்டென்ற சத்தமோ, இதுவரை முகராத ஒரு ரசாயன வாடையோ வந்தால் விலகிக் காற்று வரும் திசையில் போய் நில்லுங்கள். லித்தியம் பேட்டரிப் புகையில் நச்சு வாயு உண்டு. அந்தத் தீ கையடக்கக் கருவிக்கு அடங்காது, தீயணைப்புத் துறைக்கே நிறையத் தண்ணீர் வேண்டும். அணைந்த பிறகும் முடிந்துவிட்டதாக எண்ண முடியாது. 2011இல் அமெரிக்க அரசின் மோதல் சோதனைக்கு உட்பட்ட ஒரு செவர்லே வோல்ட், பேட்டரியில் சேதம் இருந்த நிலையில், மூன்று வாரம் கழித்து நிறுத்தியிருந்த இடத்தில் எரிந்தது. நசுங்கிய ஹைபிரிட்டைப் பணிமனைக் கூரைக்குள் வேறு வண்டிகளோடு ஒட்டி நிறுத்தாமல், திறந்த வெளியில் சுற்றிலும் 15 மீட்டர் இடம் விட்டு நிறுத்தச் சொல்லி வற்புறுத்துங்கள்.

எல்லாம் முடிந்து வீடு வந்த பிறகு

"எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லி வந்தவரையும் அடுத்த இரண்டு நாள் கவனியுங்கள். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் அந்த நேரத்து வலியை மறைத்துவிடும். தலைவலி கூடிக்கொண்டே போனால், வாந்தி எடுத்தால், பேச்சு குழறினால், வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கினால், சீட் பெல்ட் பதிந்த தடத்தின் கீழ் வயிறு வலித்து விறைத்தால், கை கால் மரத்தால், காலை வரை பொறுக்காமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். குழந்தைகளும் பெரியவர்களும் வலியைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். மோதலின்போது குழந்தை இருக்கை வண்டியில் இருந்திருந்தால், பார்க்க முழுசாக இருந்தாலும், மறுபடி அதில் குழந்தையை உட்காரவைக்கும் முன் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள். பலத்த மோதல் என்றால் மாற்றிவிடுங்கள்.